தூரிகை விட்டுவிடும் கோடுகள்

மாறன் எழுந்ததும் மோட்டாரைப் போட்டான். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். வழிகுழாயில் முதல் சொட்டு விழுந்ததும் கீழே இறங்கி வந்து மோட்டாரை அணைத்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். சவரம் செய்துகொண்டான். கொடியில் கிடந்த நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அதையே போட்டுக்கொண்டான். பால் பொங்கியது. அடுப்பை அணைத்தான்.

ஹாலில் பேச்சுக்குரல் கேட்டது.

"முழங்கால் வலி எப்படிம்மா இருக்கு?"

"அது கெடக்குது போ. நீ எப்படி இருக்க?"

"நான் நல்லா இருக்கேன்மா. நீ என்னப் பத்திக் கவலப்படாத."

நலம் விசாரித்தவள் சுவரில் இருந்தாள். அவன் மனைவி செவ்வந்தி. பதில் சொன்னவள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். செவ்வந்தியின் அம்மா குணவதி. மகள் டெங்குவில் செத்துப்போன ஐப்பசியில் கரூரிலிருந்து காரியத்துக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. அடுத்த ஐப்பசியும் வந்துவிட்டது.

சுவரில் இருந்த செவ்வந்தி நீர்வண்ணத்தில் வரைந்த படம் போல இருந்தாள். முகத்தைச் சுற்றி அடர்ந்த கோடு. கன்னத்துக்கு இரண்டு தீற்றல். கண்ணுக்கு ஒரு பொட்டு மை, அதற்குள் ஒரு துளி வெள்ளை. அவள் தலையைத் திருப்பும்போது சாயம் இன்னும் காயாதது போல ஓரங்கள் மெல்ல நகர்ந்து பிறகு நின்றன. மாறன் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பாட்டு மேசைக்கு வந்தான். ஒரு வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறான். ஆனால் காதை மூடிக்கொண்டு வர முடியவில்லை. எதிரே இருந்த ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவில் அவள் தெரியத்தான் செய்தாள்.

"மாப்ள, ஒரு நிமிஷம் உக்காருங்க."

"நேரமாச்சு அத்தை."

"என்னிக்குத்தான் ஆகல? உக்காருங்க." குணவதி குரலைத் தாழ்த்தினாள். சுவரில் இருப்பவள் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "தலைத்திவசத்துக்கு எல்லாரும் வர்றாங்க. நேத்து செவுத்துல பாப்பா ஒண்ணு சொன்னா. 'அம்மா பஸ்ல வந்துக்கிட்டு இருக்கா, அவ முகத்தப் பாத்துட்டுத்தான் போவேன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன்'னு சொன்னா."

மாறன் இட்லியைப் பிட்டான்.

"அப்படியா மாப்ள சொன்னா? அன்னிக்கு நான் குளித்தலைகிட்ட பஸ்ல மாட்டிக்கிட்டேன். நீங்க ஒருத்தர்தான் கூட இருந்தீங்க. ஒரு வருஷமா நானும் கேக்கறேன், நீங்களும் தலையக் குனிஞ்சுக்கறீங்க. அவ சொன்னது நெசந்தான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. திவசத்தன்னிக்கு எல்லாரு முன்னாடியும் அவளையே சொல்ல வச்சிடலாம்னு உங்க ஆபீஸ் ஜெயசீலி சொல்லிச்சு. இல்ல, வேற எதாச்சும் சொல்லியிருந்தா அதயாச்சும் சொல்லுங்க. அதயே பேச வச்சிடலாம்."

"சாயங்காலம் சொல்றேன் அத்தை."

"சாயங்காலம் நிச்சயமா சொல்லுவீங்கள்ல?"

"சொல்றேன்."

"பாத்துப் போயிட்டு வாங்க," என்றது சுவர்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். செவ்வந்தி ஒரு நாளும் அவனைப் பார்த்துப் போகச் சொன்னதில்லை. ஹெல்மெட் எங்கே என்றுதான் கேட்பாள்.

*

தில்லைநகரில் பல் மருத்துவமனை ஒன்றின் மாடியில் அவன் வேலை பார்க்கும் இடம் இருந்தது. இறந்தவர்களின் உருவத்தைக் கணினியில் எழுப்பிக் கொடுப்பது அவர்கள் தொழில். கைப்பேசிப் படங்கள், கல்யாண ஆல்பம், குரல் செய்திகள் எல்லாவற்றையும் கொடுத்தால் போதும். ஆள் சுவரில் மாட்டிய திரையில் வந்து நிற்பார். பேசுவார். கேட்டதற்குப் பதில் சொல்வார்.

ஆரம்பத்தில் அச்சு அசலாகத்தான் கொடுத்தார்கள். சிலர் வேலைக்குப் போவதை விட்டார்கள். சிலர் திரைக்கு முன்னால் இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுத் தாங்கள் பட்டினி கிடந்தார்கள். பிறகு சட்டம் வந்தது. இறந்தவரின் உருவம், பார்த்த மாத்திரத்தில் வரைந்தது என்று தெரிய வேண்டும். ஓவியமாகவோ கேலிச்சித்திரம் போலவோ இருக்கலாம். புகைப்படம் போல இருக்கக் கூடாது.

அதற்காக ஏற்பட்டதுதான் மாறனின் வேலை. கணினி உருவாக்கும் துல்லியமான உருவத்துக்குத் தொழிலில் அசல் என்று பெயர். அதன்மேல் தூரிகை என்கிற நிரலை ஓட்டுவான். தோலின் துளைகள், மெல்லிய சுருக்கம், ஒற்றை நரைமுடி எல்லாம் போய்விடும். பெரிய கோடுகளும் பெரிய நிறங்களும் நிற்கும். எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று நிரலே முடிவு செய்யும். மாறன் அங்கங்கே திருத்துவான். அந்த ஊரில் அசலைப் பார்க்க உரிமை உள்ளவர்கள் அவனும் ஜெயசீலியும் மட்டும். வாடிக்கையாளர் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர்களின் அசலை ஊழியரும் தொடக் கூடாது. அதனால் செவ்வந்தியை வரைந்தது ஜெயசீலி.

செவ்வந்தி போவதற்கு முன்பு அவனுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. தூரிகையைச் சந்தேகிக்க வைத்தவர் மணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் நல்லசாமி.

போன தையில் அப்பாவின் சித்திரத்தைப் பார்க்க வந்தவர் திரை முன்னால் வெகுநேரம் நின்றார். "தம்பி, எங்கப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்லயே," என்றார். தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் காது கேக்காது. அவரு விட்ட அறதான். எட்டாவது படிக்கறப்ப."

புருவத்துக்கு நடுவில் இருந்த இரண்டு சன்னமான கோடுகளைத் தூரிகை விட்டிருந்தது. அவை போனதும் முகம் சிரித்தது.

"கோட்டத் திரும்பக் கொண்டாந்துடலாங்க."

நல்லசாமி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம் தம்பி. நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

ஆடியில் திரை பழுதென்று மறுபடி வந்தார். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "தங்கமான மனுசன். எப்பவும் சிரிச்ச மொகம். எங்க மேல ஒரு நாள் கை வச்சதில்ல." பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் சத்தமாகப் பேசும்படி ஆனபோது நல்லசாமி காதைத் தொட்டு, "இந்தப் பக்கம் கேக்காதுங்க. சின்ன வயசுல கெணத்துல குதிச்சப்ப போனது," என்றார்.

பொய் சொல்கிறவரின் முகம் அவருக்கு இல்லை. மாறன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

மதியம் ஜெயசீலி டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவன் போய் எதிரில் உட்கார்ந்தான்.

"சீலிக்கா, செவ்வந்தியோட அசலப் பாக்கணும்."

"சாப்புடும்போது கேக்கற கேள்வியாடா இது?" அவள் மூடியில் கொஞ்சம் புளிசாதத்தை எடுத்துவைத்து அவன் பக்கம் தள்ளினாள். "என் சீட்டக் கிழிக்கணும்னு எத்தன நாளா ஆச?"

"அவளுக்குத் தாடைக்குக் கீழ ஒரு தழும்பு உண்டு. குக்கர் மூடி பட்டது. எந்தப் பக்கம்னு ஞாபகம் வரல."

ஜெயசீலி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அஞ்சு வருஷம் கூட இருந்தேன்க்கா. கண்ண மூடினா அந்தச் சித்திரம்தான் வருது. கோடு போட்ட முகம். ஆஸ்பத்திரிய நெனச்சாக்கூடப் போர்வைக்கு ஓரத்துல மை தெரியுது."

"எல்லாருக்கும் வரும். எங்கம்மாவுக்கும் வந்துச்சு."

"நமக்குத் தெரிஞ்சுதான செய்யறோம்?"

"தெரியாம என்ன?" அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். "யோசிச்சுப் பாரு. அச்சு அசலாக் குடுத்தப்ப ஜனங்க என்ன செஞ்சாங்க? 'காது இப்படி இருக்காது, பல்லு அப்படி இருக்காது'ன்னு சண்டைக்கு வந்தாங்க. அதாவது நெசமான ஆளு அவங்க மனசுல பத்திரமா இருந்தாரு. வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. சித்திரத்த யாரு ஒப்பிடுவா? பாதிதான் வரைஞ்சிருக்கு. மீதிய மனசு எடுத்துப் போட்டுக்குது. போட்டுப் போட்டு, அங்க இருந்தது இதுல கரைஞ்சு போயிடுது. சட்டம் போட்டவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? பைத்தியம் பிடிக்காம இருக்கட்டும்னு போட்டாங்க. பிடிக்கல. அவ்வளவுதான்."

"அசலக் காட்டுங்கக்கா. ஒரே ஒரு தடவ."

அவள் கதவைத் தாழிட்டாள். கோப்பைத் திறந்தாள்.

செவ்வந்தி வந்தாள். கோடு இல்லை, தீற்றல் இல்லை. மூக்குத்தியின் கல்லில் விளக்கு மின்னியது. மேலுதட்டில் பூனைமுடி. மாறன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் தலையைத் திருப்பினாள். நெற்றியில் இருந்த குங்குமம் திரும்பவில்லை. அது இருந்த இடத்திலேயே காற்றில் நின்றது. முகம் அதற்குக் கீழே நழுவிப்போய்த் திரும்பி வந்தது.

"அது என்னக்கா?"

"உங்க மாமியார் குடுத்த படம். மாலை போட்டுப் பூஜ அறையில வச்சிருந்தாங்கல்ல, அந்த ஃபிரேமையே ஸ்கேன் பண்ணினோம். சுமங்கலியாப் போனவன்னு கண்ணாடி மேல குங்குமம் வச்சிருந்தாங்க. நிரல் அத நெத்தின்னு எடுத்துக்கிச்சு. வேற நேர்முகப் படமே இல்ல மாறா. குரல் நெறய இருந்துச்சு, முகந்தான் இல்ல. உன் பொண்டாட்டி ஊரையே படம் எடுத்து வச்சிருக்கா, ஒண்ணுலகூட அவ இல்ல."

உண்மைதான். போட்டோவுக்கு நிற்கச் சொன்னால், குடுங்க நான் எடுக்கிறேன் என்று கைப்பேசியை வாங்கிக்கொள்வாள். இருந்தது கல்யாண ஆல்பம் ஒன்று.

"தாடையக் கிட்டக் கொண்டாங்க."

கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் வழவழப்பாக இருந்தது. ஆல்பம் போட்ட ஸ்டூடியோக்காரன் தழும்பைத் தேய்த்து எடுத்திருந்தான். மணப்பெண்ணுக்குத் தழும்பு எதற்கு என்று அவனே முடிவு செய்திருப்பான்.

"இத நீங்க சரிபண்ணலயா?"

"எதுக்கு? தூரிகை போட்டா மறஞ்சிடும்." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மறஞ்சிடுச்சு."

அவன் திரும்பி உட்கார்ந்தான். எங்கோ அசல் இருக்கிறது, தேவைப்பட்டால் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தான். அது இதுதான்.

"அவ கடைசியா சொன்னதுன்னு இது எதையோ சொல்லுதுக்கா. நாம அந்த மாதிரி எதையும் ஏத்தலையே."

"உங்க மாமியார் தினம் அதத்தான கேக்கறாங்க? கேட்டுக்கிட்டே இருந்தா ஒரு நாள் அது ஒரு பதில் சொல்லும். கேக்கறவங்க முகம் எதுக்கு மலருதோ அதப் பிடிச்சுக்கும்." அவள் தயங்கினாள். "பேச்சுக்கும் தூரிகை உண்டு மாறா. அது உன் பிரிவு இல்ல, அதனால உனக்குத் தெரியாது. குரல் செய்தியெல்லாம் வருதுல்ல, அதுல முக்கால்வாசி என்ன இருக்கும்னு நெனைக்கற? தயிர் வாங்கிட்டு வா, சிலிண்டர் புக் பண்ணியா, மழ வருது துணிய எடு. அதயெல்லாம் எடுத்துட்டு மிச்சத்த வச்சுத்தான் அதுக்குப் பேசக் கத்துக்குடுக்கறோம். இல்லன்னா என்னாகும்? செத்துப்போன பொண்டாட்டி செவுத்துல வந்து நின்னு சிலிண்டர் புக் பண்ணியான்னு கேட்டா எவன் உக்காந்து கேப்பான்?"

மாறன் சிரித்துவிட்டான். அது அவனுக்கே அந்நியமான சத்தமாக இருந்தது. ஜெயசீலியும் சிரித்தாள். பிறகு இருவரும் நிறுத்தினார்கள்.

"எடுத்ததெல்லாம் எங்கக்கா இருக்கு?"

"எங்கயும் இல்ல. கத்துக் குடுத்ததும் ஒலியெல்லாம் அழிச்சிடணும். உங்க மாமியார்தான் ஃபோனக் குடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க. நீ அப்ப எந்த நிலையில இருந்தன்னு உனக்கே தெரியாது."

ஜெயசீலி கோப்பை மூடினாள்.

"நீ சொல்லு. அவ நெசமா என்ன சொன்னா? நானே ஏத்திடறேன். அந்தப் பொய்யாவது போகும். குரல் நல்லா வரும்."

"அப்படியே வருமா?"

"கொஞ்சம் மெருகேத்திக்கும்," என்றாள் ஜெயசீலி. "அத நிறுத்த முடியாது."

"அப்புறம் நான் அதத்தான கேட்டுக்கிட்டு இருப்பேன், தினமும்?"

அவள் டிபன் பாக்ஸை மூடி, அழுத்தி, பையில் வைத்தாள்.

*

திருவானைக்கோவிலுக்குத் திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பேருந்துகள் போகப் பாலம் அதிர்ந்தது.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவனும் கூடவே போகிறான். பச்சைப் போர்வை. அதன் ஓரத்தில் அடர்ந்த கோடு. கன்னத்தில் இரண்டு தீற்றல். தழும்பு இல்லை. வாய் அசைகிறது.

அம்மா முகத்தப் பாத்துட்டுத்தான் போவேன்.

அவள் குரலில்தான் கேட்டது. உள்ளிருந்து கேட்டது. பாலத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்தான். இரும்பு சூடாக இருந்தது. இன்னொரு முறை முயன்றான். வாய் அசைகிறது. நான் உங்களையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். இன்னொரு முறை. நல்லா இருங்க. ஒவ்வொன்றும் அவள் குரல்தான். ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. கையில் ஒன்றைத்தான் பத்திரமாக வைத்திருந்தான், அதையும் யாரோ தொட்டுவிட்டிருந்தார்கள்.

நல்லசாமி காதைத் தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. அந்த மனிதருக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. பிறகு தெரியாமல் போனதும் அவருக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் நின்றான். சுவர் சொல்லக்கூடியது எது வந்தாலும் தள்ளிவைத்தான். அன்பாக இருந்ததைத் தள்ளினான். ஆறுதலாக இருந்ததைத் தள்ளினான். மன்னிப்பு, நன்றி, விடைபெறுதல் எல்லாவற்றையும் தள்ளினான். அப்படித் தள்ளிக்கொண்டே போனபோது அடியில் ஒரு வாக்கியம் கிடந்தது. எந்தத் தூரிகையும் அதை மிச்சம் வைத்திருக்காது. அதனால் அது அவளுடையது.

வண்டியை எடுத்தான்.

குணவதி வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். தட்டில் உப்புமா வைத்து மூடியிருந்தாள். புடவையை மாற்றித் தலை வாரியிருந்தாள், யாரோ முக்கியமானவர் வரப்போவது போல.

"சாயங்காலம் சொல்றேன்னு சொன்னீங்க மாப்ள."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தான். அவள் அழக்கூடும். இவ்வளவுதானா என்று கேட்கக்கூடும். பிறகு ஜெயசீலிக்குப் போன் போட்டுச் சொல்வாள். திவசத்தன்று அது சுவரில் ஏறும். மெருகேறும். கரூர்ச் சொந்தமெல்லாம் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த நாளிலிருந்து பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் அடியில் எதுவும் இருக்காது.

"ஆமா அத்தை," என்றான். "அதத்தான் சொன்னா. உங்க முகத்தப் பாத்துட்டுத்தான் போவேன்னு."

குணவதி வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. அவன் நின்றுகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா பாப்பா? மாப்ளயும் சொல்லிட்டாரு."

"நான்தான் சொன்னேன்லம்மா," என்றது சுவர். அந்த முகம் சந்தோஷப்பட்டது. ஓரங்கள் நகர்ந்து நின்றன. பிறகு மையிட்ட கண்கள் அவன் பக்கம் திரும்பின. "உங்களையும் நெனச்சுக்கிட்டேதாங்க இருந்தேன்."

"பாருங்க மாப்ள, உங்களத்தான் சொல்றா. எதாச்சும் பேசுங்க."

"சரி," என்றான் மாறன், சுவரைப் பார்த்து. ஒரு வருஷத்தில் அதனிடம் அவன் பேசிய முதல் சொல்.

உப்புமாவைத் தொடாமல் மாடிக்கு ஏறினான். தொட்டிக்குப் பக்கத்தில், காலையில் நின்ற இடத்தில் நின்றான். கீழே குணவதி யாருக்கோ போன் செய்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொல்வது கேட்டது. நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வருஷம் அது நடந்ததாகவே ஆகிவிடும். அவனுக்கும் ஆகலாம்.

கண்ணை மூடினான். ஆஸ்பத்திரித் தாழ்வாரம், மைக்கோடு, இரண்டு தீற்றல். முகத்தை விட்டுவிட்டான். அது போய்விட்டது. குரலை மட்டும் தேடினான். ஸ்ட்ரெச்சர் கதவுக்கிட்டே வந்ததும் அவள் கையை லேசாகத் தூக்கிக் கூப்பிட்டாள். அவன் குனிந்தான். உதடு காய்ந்திருந்ததால் சொற்கள் ஒட்டி ஒட்டி வந்தன. குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, வீட்டில் எப்போதும் இருக்கிற அளவுக்கு. அவன் பதில் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"வர்றப்ப மோட்டார ஆஃப் பண்ணிட்டுத்தான வந்தீங்க?"